கே. பி. சுந்தராம்பாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கே. பி. சுந்தராம்பாள் யார்?

கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே நாடக மேடையேறி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புகழ்பெற்ற பின் திரைப்படத்துக்கு வந்து, 1980இல் மறைந்த பாடகியும் நடிகையும் ஆவார். இன்றைய வாசகர்களில் பெரும்பாலானோர் அவரைத் 'திருவிளையாடல்' படத்தில் கோலூன்றி வரும் ஔவையாராகவே அறிந்திருப்பார்கள். அந்தப் படம் வெளிவந்த 1965இல் அவருக்கு ஐம்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு முழு ஆயுளுக்கான மேடை வாழ்க்கையை அவர் முடித்திருந்தார். அவரைப் பற்றிய கேள்விகள் பலவற்றுக்கும் விடை அந்த முதல் பகுதியில்தான் கிடக்கிறது என்பதால், இங்கே நாடகக் காலத்துக்குச் சற்று அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

'கே. பி.' என்ற முன்னெழுத்துகள் எதைக் குறிக்கின்றன?

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். முதலெழுத்து ஊர், அடுத்தது தாயின் பெயர். கொடுமுடி இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் மகுடேசுவரர் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர். தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் தாயின் பெயர் அங்கே நிற்பதற்குக் காரணம், பிள்ளைகளை வறுமைக்கு நடுவே தனியாக நின்று வளர்த்தவர் பாலாம்பாள் என்பதே.

அவர் மேடைக்கு எப்படி வந்தார்?

இதற்கு இரண்டு விதமான செய்திகள் வழங்கி வருகின்றன. வறுமையின் காரணமாக ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலை, ரயில்வே அதிகாரியும் நாடகப் பற்றாளருமான திருச்சி எஃப். ஜி. நடேச ஐயர் கேட்டு மேடைக்கு வழிகாட்டினார் என்பது ஒன்று. கரூரில் காவல்துறை அதிகாரி ஒருவர் குழந்தையின் பாட்டைக் கேட்டு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கோத்துச் சொல்பவர்களும் உண்டு. எந்தச் செய்தியை எடுத்துக்கொண்டாலும், முறையான சங்கீதப் பயிற்சியோ கலைக்குடும்பப் பின்னணியோ இல்லாத ஒரு பிள்ளையின் தொண்டை மட்டுமே அவளுக்குக் கதவைத் திறந்தது என்பதில் மாற்றமில்லை.

வேலு நாயர் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த தொடக்க வேடங்களில் ஒன்று 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளை வேடம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பும் நல்லதங்காளின் கதையில், பிள்ளைகள் பசியில் அழும் கட்டம் கொட்டகையையே அழவைக்கும் கட்டம். வயிறு பசிக்கிறது என்று அந்தச் சிறுமி எடுத்துப் பாடியதைப் பழைய நாடக ரசிகர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டைப் பாட அவருக்கு நடிப்புப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

அந்தக் காலத்து நாடக மேடை எப்படி இருந்தது?

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியும் பயிற்றுவித்தும் வைத்த பாட்டு நாடகங்களே அன்று மேடையை ஆண்டன. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' போன்ற கதைகளை அறியாத பார்வையாளரே இல்லை எனலாம். கதை தெரிந்தே வந்தார்கள். இன்றைக்கு இன்னார் எப்படிப் பாடுகிறார் என்று கேட்கவே வந்தார்கள். நாடகம் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. தரையில் உட்கார்ந்திருப்பவர் முதல் கொட்டகையின் கடைசி வரிசைக்கு அப்பால் நிற்பவர்வரை எல்லோருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் கூட்டம் பொறுத்துக்கொள்ளாது.

இவற்றில் 'ஸ்பெஷல் நாடகம்' என்பது தனி வகை. ஒரே கம்பெனியில் ஒத்திகை பார்த்து ஆடுவதற்கு மாறாக, வெவ்வேறு ஊர்களிலிருந்து புகழ்பெற்ற நடிகர்களை ஓரிரவுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்து மேடையேற்றுவார்கள். வள்ளியாக வருபவரும் வேலனாக வருபவரும் அன்று மாலையில்தான் ஒருவரையொருவர் சந்தித்திருப்பார்கள். தினைப்புனத்தில் பரண்மீது நின்று வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுவாள்; வேடனாக வரும் முருகன் அவளை மடக்குவான்; அவள் பதில் சொல்வாள். பாட்டும் வசனமுமாக நடக்கும் இந்தத் தர்க்கம் எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. எதிராளி ஓர் ராகத்தை எடுத்து உச்சத்தில் நிறுத்தினால், அதே சுருதியில், அதற்குக் குறையாமல், அந்த நொடியே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மேடையோரத்தில் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடியபடி இருவரையும் கவனித்துக்கொண்டிருப்பார். கொட்டகையிலிருந்து 'ஒன்ஸ்மோர்' குரல் கிளம்பினால் செத்துக் கிடக்கும் கோவலன்கூட எழுந்து பாடிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வான் என்பார்கள்.

இந்தப் பள்ளியில் பயின்றவர் சுந்தராம்பாள். பிற்காலத்தில் அவர் படங்களில் கேமராவை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வெட்டி நிறுத்திப் பாடுவதைக் கண்டு, இவ்வளவு பழைய பாணியா என்று வியப்பவர்கள், அந்தக் கடைசி வரிசைக்கு அப்பால் நின்ற மனிதரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இலங்கைக்கு ஏன் சென்றார்?

பிழைப்புக்காக. கொழும்பில் தமிழ் நாடகங்களுக்கு அப்போது நல்ல வரவேற்பும் நல்ல வசூலும் இருந்தன. தமிழ்நாட்டுக் கலைஞர்கள் கப்பலேறிப் போய் மாதக்கணக்கில் தங்கி நடித்துவிட்டு வருவது வழக்கம். சுந்தராம்பாள் சிறுவயதிலேயே அங்கே சென்றார்; பின்னர் பல ஆண்டுகள் கொழும்பும் யாழ்ப்பாணமும் உள்ளிட்ட இலங்கை மேடைகளில் நடித்தார். ஊர் திரும்பி வந்து பெயர் எடுத்தவர் என்று சொல்வதைவிட, இலங்கையில் பெயர் எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர் என்று சொல்வதே பொருத்தம்.

கிட்டப்பா யார்? இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள்?

எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். அண்ணன்மார்களோடு சிறுவயதிலேயே மேடையேறி, கன்னையா கம்பெனியில் புகழ்பெற்று, இருபது வயதுக்குள் தமிழ்நாட்டின் தலைசிறந்த நாடகப் பாடகர் என்று பெயர் வாங்கியவர். கச்சேரி வித்துவான்களும் அவர் பாட்டைக் கேட்கக் கொட்டகைக்கு வந்தார்கள். பெண்களுக்குரிய சுருதியில், ஐந்து கட்டையிலும் அதற்கு மேலும், சிறிதும் திணறாமல் பிருகாக்களை, அதாவது விரைந்த ஸ்வர அசைவுகளை, உதிர்க்கும் குரல் அது. அண்ணன் காசி ஐயர் அவருக்கு ஆர்மோனியம் வாசித்தார்.

1926இல் கிட்டப்பா கொழும்புக்கு நாடகம் நடத்த வந்தபோது, அங்கே ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த சுந்தராம்பாளை அவருக்கு இணையாக மேடையேற்ற ஏற்பாடாயிற்று. கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடினால் பெயர் கெட்டுவிடும் என்று சுந்தராம்பாளைச் சிலர் எச்சரித்தார்கள் என்றும், அந்தப் பெண்ணோடு பாடித் தோற்றுவிடாதீர்கள் என்று கிட்டப்பாவையும் சிலர் எச்சரித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. நாடகம் 'வள்ளி திருமணம்'. இருவரும் சளைக்கவில்லை. தினைப்புனத் தர்க்கம் என்பது எதிராளி எவ்வளவு வலுவாக இருக்கிறாரோ அவ்வளவுக்கு நம் பாட்டும் உயரும் கட்டம். அதுவரை இருவருக்கும் அப்படிப்பட்ட எதிராளி கிடைத்ததில்லை. மேடையில் தொடங்கிய அந்த ஈடுபாடு மேடைக்கு வெளியேயும் வளர்ந்து, 1927இல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அந்த மணவாழ்க்கை எப்படி இருந்தது?

மேடையில் வெற்றி; வீட்டில் துயரம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகி மனைவி இருந்தார். சாதியும் வேறு, அவர் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர், இவர் அல்லர். ஆகவே அவருடைய வீட்டார் இந்த மணத்தை ஏற்கவில்லை. இருவரும் சேர்ந்து நடத்திய நாடகங்களுக்குக் கூட்டம் பெருகியபோதும், கருத்து வேறுபாடுகளும் பிரிவும் வந்தன. பிரிந்திருந்த காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. கோபம், கெஞ்சல், வீட்டுச் செலவுக் கணக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அக்கறை எல்லாம் ஒரே மூச்சில் கலந்து வரும் அந்தக் கடிதங்களைப் படித்தவர்களுக்கு, இந்த உறவை ஒரு காவியக் காதலாக மட்டும் வருணிக்கும் கட்டுரைகளில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பது புரியும். கிட்டப்பாவின் உடல்நலம் சீர்கெட்டு, 1933 டிசம்பர் 2ஆம் நாள் அவர் காலமானார். அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

கணவர் மறைந்த பின் என்ன செய்தார்?

நகைகளைக் கழற்றினார், வெள்ளைக் கதர்ச் சேலை உடுத்தினார், நெற்றியில் திருநீறு மட்டும் அணிந்தார். மேடையை விட்டு விலகினார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். அந்தக் கோலத்திலேயே அடுத்த நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

இதை வெறும் கைம்மைக் கோலமாகப் பார்ப்பது எளிது. அக்காலத்தில் நாடகக்காரி என்றாலே இளக்காரமாகப் பார்த்த ஒரு சமூகத்தில், அந்த வெள்ளைச் சேலை அவருக்கு ஒரு மரியாதையையும், யாரோடு எந்த வேடத்தில் நடிப்பது என்று தானே தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னாளில் தயாரிப்பாளர்கள் அவருக்கேற்ற வேடத்தைத் தேடிக் கதை எழுதினார்களே ஒழிய, கதைக்கேற்ப அவர் தம்மை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

'நந்தனார்' படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது உண்மையா?

உண்மைதான். 1935இல் வெளிவந்த அந்தப் படத்தில் நந்தனாராக நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. இந்தியத் திரையுலகில் அந்தத் தொகையைப் பெற்ற முதல் கலைஞர் என்று அவர் இன்றும் குறிப்பிடப்படுகிறார். தயாரிப்பாளர் அசன்தாஸ் திரும்பத் திரும்ப வந்து கேட்டபோது, நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், அவர் தாமே விலகிப் போகட்டும் என்றுதான் அப்படியொரு தொகையைச் சொன்னார் என்றும், அசன்தாஸ் அதற்கும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொல்வார்கள்.

ஆணாக நடித்தது அவருடைய உறுதிமொழிக்கு ஒத்துவந்தது. நந்தனாருக்குக் கதையில் ஜோடி இல்லை. அவர் தேடுவது சிதம்பரத்து நடராசரை. மேடையில் பெண்கள் ஆண் வேடம் கட்டுவது புதிதல்ல என்பதால் பார்வையாளருக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்காது. மாணிக்லால் டாண்டன் இயக்கிய அந்தப் படத்தின் வேலைகள் கல்கத்தாவில் நடந்தன. வேதியராக நடித்தவர் அன்றைய சங்கீத உலகின் பெரிய வித்துவான்களில் ஒருவரான மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பண்ணையாளான நந்தனின் பக்தியை உணர்ந்த வேதியர் அவர் காலில் விழும் கட்டம் கதையில் உண்டு. திரையில் அது ஒரு பிராமண வித்துவான் வேறு சாதிப் பெண்ணொருவரின் காலில் விழுவதாகவும் ஆகிவிட்டதால், வெளியே முணுமுணுப்பும் கண்டனமும் எழுந்தன. நந்தனார் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் காலத்திலிருந்தே நந்தன் கதை இப்படித்தான் யாரையாவது சங்கடப்படுத்திக்கொண்டிருக்கிறது.

படம் எதிர்பார்த்த அளவு பாராட்டைப் பெறவில்லை. விமர்சகராகப் பெயர்பெற்றிருந்த கல்கி, படத்தில் மரமும் விலங்குகளும்தான் நன்றாக நடித்திருந்தன என்ற தொனியில் எழுதிய கிண்டல் இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுகிறது. 1942இல் ஜெமினி ஸ்டுடியோ எடுத்த, எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்' நினைவில் நின்ற அளவுக்கு முந்தையது நிற்கவில்லை. ஆனால் ஊதியம் மட்டும் வரலாறாகிவிட்டது.

அவர் அரசியலில் ஈடுபட்டாரா?

ஆம், நாடகக்காரராக இருந்தபடியே ஈடுபட்டார். 1920களிலும் 30களிலும் நாடக மேடை தேசிய இயக்கத்தின் ஊதுகுழலாக இருந்தது. முருகன் வேடத்தில் வந்து, ஆங்கிலேயரைச் சுட்டி வெள்ளைக் கொக்குகளை ஓட்டும் பாட்டைப் பாடிய விசுவநாத தாஸ் பல முறை சிறை சென்றது பலரும் அறிந்த செய்தி. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி கலைஞர்களின் செல்வாக்கை நன்கு உணர்ந்தவர். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அவருடைய தூண்டுதலால் கதர் அணிந்து தேசியப் பாடல்களைப் பாடினார்கள். காந்தியைப் பரம ஏழைச் சந்நியாசி என்று போற்றும் பாட்டு சுந்தராம்பாளின் குரலில் இசைத்தட்டாக வந்து ஊரெங்கும் ஒலித்தது. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார். கட்சிக்காரர் பேச்சைக் கேட்க வராத கூட்டம் பாட்டைக் கேட்க வந்தது. பாட்டோடு சேர்த்துப் பேச்சையும் கேட்டுப் போனது.

கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்த காந்திக்குத் தங்கத் தட்டில் உணவு படைத்ததாகவும், சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி சிரித்துக்கொண்டே கேட்க, அந்தத் தட்டையும் அவர் நிதிக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. விடுதலைக்குப் பின் 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்ற அவை ஒன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் என்ற சிறப்பை அதனால் அவருக்குச் சொல்வார்கள். நடிகர்கள் முதலமைச்சரான மாநிலத்தில் அந்த வரிசையின் முதல் ஆள் யார் என்று கேட்டால் இவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

அவர் நடித்த படங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

'நந்தனார்' 1935, 'மணிமேகலை' 1940, 'ஔவையார்' 1953, 'பூம்புகார்' 1964. முப்பது ஆண்டுகளில் நான்கே படங்கள். மேற்சொன்ன உறுதிமொழி ஒரு காரணம். காதலோ குடும்பமோ இல்லாத முதன்மை வேடங்கள் தமிழ்க் கதைகளில் அரிது. உள்ள வேடங்களை வரிசையாகப் பாருங்கள்: இறைத்தொண்டர், பௌத்தத் துறவி, கிழப்புலவர், சமணத் துறவி.

இவற்றில் 'ஔவையார்' அவருக்காகவே செய்த சட்டை. ஜெமினி எஸ். எஸ். வாசன் பெரும் பொருட்செலவில், ஆண்டுக்கணக்கில் எடுத்த அந்தப் படத்தைக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளமையும் அழகும் திருமணத்தில் கொண்டுபோய்ச் சிக்க வைக்கும் என்று அஞ்சிய பெண், பிள்ளையாரிடம் அழுது வேண்டி அந்த இளமையைத் தந்துவிட்டு முதுமையைப் பெற்றுக்கொள்கிறாள் என்ற மரபுக்கதை படத்தில் இடம்பெறுகிறது. குழந்தையாக ஒருவரும் கன்னியாக ஒருவரும் நடிக்க, முதுமை வந்த நொடியிலிருந்து திரையில் சுந்தராம்பாள் வருகிறார். அவருடைய சொந்த வாழ்க்கையை அறிந்திருந்த அன்றைய பார்வையாளர்கள் அந்த மாற்றத்தை வெறும் கதையாகப் பார்த்திருக்க முடியாது. அதன் பிறகு ஊர் ஊராக நடந்து, மன்னர்களுக்கும் உழவர்களுக்கும் பாட்டால் பதில் சொல்லிப் போகும் கிழவியின் கதைதான் படம். தொடர்ச்சியான நாடகச் சிக்கல் எதுவும் அதில் இல்லை. அடுத்தடுத்த நிகழ்ச்சிகளைச் சுந்தராம்பாளின் பாட்டு மட்டுமே இழுத்துக் கட்டுகிறது. அப்படியிருந்தும் படம் பெருவெற்றி பெற்றது. ஔவையார் என்றால் இன்று நம் மனத்தில் எழும் உருவம் பாடப்புத்தகத்தைவிட அந்தப் படத்துக்கே அதிகம் கடன்பட்டது.

'பூம்புகார்' படத்தில் அவர் நடிக்கத் தயங்கியது ஏன்?

சிலப்பதிகாரக் கதைக்குத் திரைக்கதை வசனம் எழுதியவர் மு. கருணாநிதி, அவர் பகுத்தறிவு இயக்கத்தவர். சுந்தராம்பாளோ முருக பக்தர், காங்கிரஸ்காரர். அவரை நடிக்க அழைத்தது கவுந்தியடிகள் வேடத்துக்கு. சமணத் துறவிக்குத் திருநீறு பொருந்தாது. நெற்றியில் திருநீறில்லாமல் நிற்க இவருக்கு மனம் ஒப்பவில்லை. இருதரப்பும் பேசி, நெற்றிக்குறியில் ஒரு சமரசம் கண்டார்கள் என்பார்கள். பாட்டிலும் தெய்வத்தைக் கேள்வி கேட்பதுபோல் வந்த சொற்களைப் பாட அவர் மறுக்க, எழுதியவரே அவற்றை மாற்றிக் கொடுத்தார் என்பது திரையுலகில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. கருணாநிதி எழுதி அவர் பாடிய 'வாழ்க்கை என்னும் ஓடம்' இன்றும் துக்க வீடுகளில் ஒலிக்கிறது. நாத்திகர் எழுதி ஆத்திகர் பாடிய பாட்டு என்பதை யாரும் அங்கே நினைத்துப் பார்ப்பதில்லை.

'திருவிளையாடல்' படத்துக்குப் பின் என்ன நடந்தது?

ஏ. பி. நாகராஜனின் அந்தப் படம் அவருக்கு ஒரு புதிய தலைமுறை ரசிகர்களைப் பெற்றுத் தந்தது. அதையடுத்து 'மகாகவி காளிதாஸ்', 'கந்தன் கருணை', 'துணைவன்', 'காரைக்கால் அம்மையார்' என்று முந்தைய முப்பது ஆண்டுகளைவிட வேகமாகப் படங்கள் வந்தன. பெரும்பாலானவை சிறு வேடங்கள். சில காட்சிகள், சில பாட்டுகள். சாண்டோ சின்னப்பா தேவரின் 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது கிடைத்தது. வாழ்நாளெல்லாம் திரையில் தம் வாயாலேயே பாடி நடித்தவருக்குப் பின்னணிப் பாடகி என்ற பிரிவில் விருது கிடைத்ததில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. அடுத்த ஆண்டு, 1970இல், பத்மஸ்ரீ விருதும் வந்தது.

அவருடைய குரலில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

உச்சத்தில் உடையாத வலிமை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான். உயர்ந்த சுருதியில் பாடும் பலருக்கும் மேலே போகப் போக உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சி, மெய்யெழுத்துகள் கரைந்து சொல் மங்கிவிடும். சுந்தராம்பாளிடம் அது நடப்பதில்லை. 'திருவிளையாடல்' படத்தின் 'பழம் நீயப்பா' பாட்டில் 'ழ'கரமும், அதையடுத்து வரும் 'ஞான' என்ற சொல்லின் மெல்லினமும், எவ்வளவு மேலே நின்றாலும் பேச்சில் சொல்வதுபோல் முழுமையாக வந்து விழுகின்றன.

அந்தக் காட்சியின் அமைப்பையும் கவனிக்கலாம். மாம்பழம் கிடைக்காத கோபத்தில் பழனி மலையில் வந்து நிற்கும் குழந்தை முருகனைச் சமாதானம் செய்ய ஔவை வருகிறாள். முதலில் கொஞ்சல், பிறகு புகழ்ச்சி, பிறகு மெல்லக் கண்டிப்பு, கடைசியில் வீட்டுக்கு வா என்ற அழைப்பு. ஆத்திசூடியில் ஔவை சொன்ன 'ஆறுவது சினம்' என்ற சொல்லையே முருகனிடம் திருப்பிச் சொல்லும்படி கண்ணதாசன் எழுதியிருக்கிறார். கே. வி. மகாதேவன் இசையில் ராகம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் சுந்தராம்பாளின் பாவனை மாறுகிறது. முகத்தைவிடக் குரலில் அதிகம் மாறுகிறது. கண்டிக்கும் அடியில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நறுக்கென்று விழுவதைக் கேட்டால், இதுதான் தினைப்புனத் தர்க்கத்தின் பாணி என்பது விளங்கும். கொழும்பு மேடையில் வேலனோடு வாதாடிய வள்ளி, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிழவியாக வந்து அதே முருகனோடு வாதாடுகிறாள்.

அவரைச் சிறந்த நடிகை என்று சொல்ல முடியுமா?

இன்றைய திரை நடிப்பின் அளவுகோலால் பார்த்தால், சொல்வது கடினம். அண்மைக் காட்சிக்கு வேண்டிய சிறு அசைவுகள் அவரிடம் இல்லை. வசனத்தையும் பாட்டுக்கு முன்னுரைபோலவே சொல்வார். கல்கியின் கிண்டலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாட்டு தொடங்கியதும் காட்சியில் இருக்கும் மற்றவர்கள் எவ்வளவு பெரிய நடிகர்களாக இருந்தாலும் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். பாடும்போது நடிப்பவர்கள் பலர் உண்டு. பாட்டாலேயே நடித்தவர் என்று இவரைச் சொல்லலாம். அந்தக் கலை ஒலிபெருக்கியும் பின்னணிப் பாடலும் வந்த பிறகு தேவையற்றதாகிவிட்டது. அதனால் அவருக்கு வாரிசு என்று யாரையும் காட்ட முடியவில்லை.

இளமையில் அவர் பாடியதைக் கேட்க முடியுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

கிட்டப்பாவோடு மேடையில் நடத்திய தர்க்கங்களைக் கேட்க வழியில்லை. ஓரிரவு நாடகத்தை அன்று யாரும் பதிவு செய்யவில்லை. 1935 'நந்தனார்' படமும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. இசைத்தட்டுகள் இருக்கின்றன. மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் அவற்றில் விருத்தத்துக்கும் ராக விரிவுக்கும் இடம் குறைவு; தேய்மானத்தின் இரைச்சலும் உண்டு. ஆனாலும் இருபதுகளில் இருந்த குரலின் வேகத்தை அவற்றில்தான் கேட்க முடியும்.

புதிதாகக் கேட்பவர்கள் 'திருவிளையாடல்' பாடல்களில் தொடங்கி, 'காரைக்கால் அம்மையார்' படத்தின் 'தகதகதகதகவென ஆடவா' பாட்டுக்குச் செல்வது எளிய வழி; அறுபத்தைந்தை நெருங்கிய வயதில் குன்னக்குடி வைத்தியநாதனின் விரைந்த தாளத்துக்கு அவர் ஈடுகொடுப்பதை அதில் கேட்கலாம். பிறகு 'ஔவையார்' படத்தை முழுமையாகப் பாருங்கள். அதற்கும் பின்னரே பழைய இசைத்தட்டுகள். கிட்டப்பாவின் தட்டு ஒன்றையும் இவருடைய தட்டு ஒன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்பவர்களுக்கு, 1926இல் கொழும்பில் இருதரப்பாரும் எதற்காக அப்படி எச்சரித்தார்கள் என்பது ஓரளவு பிடிபடும்.